பிளானில் இல்லாத வீடு: வாங்கப் போனவர்கள் சொன்னவை

மடிப்பாக்கத்தில் ஃபிளாட் பார்த்தவர்:

ரீசேல் ஃபிளாட். கீழே தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று மாடி, 2013-ல் கட்டியது. பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று எல்லாம் கச்சிதம். வக்கீலும் டைட்டில் (உரிமை) சுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் சி.எம்.டி.ஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவ்டு பிளானைக் கேட்டேன். "பேங்கே லோன் கொடுத்த வீடு சார், பிளான் எதுக்கு?" என்றார் புரோக்கர். விடாமல் கேட்டதும் மங்கிப்போன ஒரு ஜெராக்ஸ் வந்தது.

சைட் இன்ஜினியராக இருக்கும் என் மச்சானையும் ஒரு டேப்பையும் கூட்டிக்கொண்டு போனேன். பிளானில் தரைத்தளம் முழுக்க கார் நிறுத்துமிடம். நேரில் பார்த்தால் பின்பாதியில் சுவர் எழுப்பி ஒரு சிங்கிள் பெட்ரூம் வீடு, வாசலில் கோலம், கொடியில் துணி. பக்கவாட்டில் ஒன்றரை மீட்டர் செட்பேக் (சுவருக்கும் மனை எல்லைக்கும் நடுவே விட வேண்டிய காலியிடம்) பிளானில் காட்டியிருந்தது. டேப் வைத்தால் மூன்றடிகூட இல்லை. நாங்கள் வாங்க இருந்த வீட்டின் படுக்கையறையில் பாதி அந்தக் காலியிடத்துக்கு மேலேதான் நின்றது.

மச்சான் அத்தோடு விடவில்லை. வில்லங்கச் சான்றில் ஒவ்வொரு விற்பனைக்கும் எவ்வளவு யு.டி.எஸ் (மனையில் அந்த வீட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கு) என்று போட்டிருக்கும் அல்லவா, அதையெல்லாம் கூட்டச் சொன்னான். பிளானில் 6 வீடு, விற்றது 7. மனை 2,400 சதுர அடி, கூட்டினால் வந்தது 2,610. இல்லாத 210 சதுர அடி நிலத்தையும் பதிவு செய்து விற்றிருக்கிறார்கள். வக்கீல் ஒவ்வொரு பத்திரத்தையும் தனித்தனியாகப் படித்தார், கூட்டிப் பார்க்கவில்லை.

"ரெகுலரைஸ் பண்ணிக்கலாம் சார்" என்றார் புரோக்கர். விதிமீறிக் கட்டியதை முறைப்படுத்தும் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி வரன்முறை, 2007 ஜூலை 1 வரை கட்டிய கட்டடங்களுக்குத்தான். 2013 கட்டடத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

டீவியேஷனே (பிளானிலிருந்து விலகல்) இல்லாத வீடுதான் வேண்டும் என்றால் சென்னையில் சாகும்வரை வாடகைதான். பால்கனிக்குக் கிரில் போட்டு மூடியது, மொட்டை மாடியில் தகர ஷெட், இதற்கெல்லாம் நான் பயப்படமாட்டேன். நாளைக்கே நோட்டீஸ் வந்தால் கழற்றி வைத்துவிடலாம். கழற்ற முடியாததைத்தான் பார்க்க வேண்டும்.

குரோம்பேட்டையில் தனி வீடு வாங்கியவர்:

நான் தெரிந்தே வாங்கினேன். பிளானில் தரைத்தளமும் முதல் மாடியும்தான். இரண்டாவது மாடி உரிமையாளர் பிற்பாடு தானாகவே ஏற்றியது. கேட்டால் சொத்து வரி ரசீதை நீட்டினார், மூன்று தளத்துக்கும் வரி கட்டியிருக்கிறார். வரி வாங்கினார்கள் என்பதால் அனுமதி கொடுத்தார்கள் என்று ஆகிவிடாது. சொத்தை மதிப்பிட வந்த பேங்க் வேல்யூவர் மேல்தளத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நானும் அதற்கு ஒரு பைசா தரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். முகம் சுளித்தார், கடைசியில் இறங்கி வந்தார்.

அப்புறம்தான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டினேன். கீழே பில்லர் எல்லாம் 9-க்கு 9 இன்ச். இரண்டு தளத்துக்குப் போட்ட அஸ்திவாரம், மூன்றைச் சுமக்கிறது. மேல்மாடியை வாடகைக்கு விடாதீர்கள், செங்கல் தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட்டு பிளாஸ்டிக் டேங்க் வையுங்கள் என்றார். செய்துவிட்டேன். மேல்மாடியில் இப்போது அம்மாவின் வடாம் மட்டும் காய்கிறது.

கோவையிலிருந்து ஒருவர்:

எங்கள் பக்கம் "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லித்தான் விற்பார்கள். தலைவர் கையெழுத்தும் சீலும் இருக்கும். மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி உண்டா என்று கேட்டால் பேச்சு மாறும். 2017-ல் வந்த மனை வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20 வரை பதிவானவற்றுக்குத்தான். மனையே அன்அப்ரூவ்டு என்றால் மேலே கட்டிய வீட்டின் பிளானைப் பற்றிப் பேசி என்ன பயன்?

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்தவர்:

"பேங்க் லோன் கொடுத்த வீடு" என்ற பேச்சைக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. லீகல் ஒப்பீனியன் டைட்டிலைப் பார்க்கும், வேல்யூவர் விலையைப் பார்ப்பார். அளவு எடுத்துப் பிளானோடு ஒப்பிடுவது இருவருக்கும் நடுவில் விழுந்துவிடும். 2024 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம், மீரட் நகரில் விதிமீறிக் கட்டிய கட்டடம் பற்றிய வழக்கில், கட்டட நிறைவுச் சான்றை (பிளான்படி கட்டி முடித்ததற்கான சான்று) சரிபார்த்த பிறகே வங்கிகள் அந்தக் கட்டடத்தின் மேல் கடன் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. பழைய வீடு வாங்குகிறவர்கள் இதையும் யோசியுங்கள். விற்றவருக்கு அன்று கடன் கிடைத்திருக்கும். உங்களிடம் வாங்க வருகிறவருக்கு நாளைக்குக் கிடைக்குமா?

மடிப்பாக்கத்தில் ஃபிளாட் பார்த்தவர்:

கார் நிறுத்துமிடத்தில் கட்டிய அந்தக் கீழ் வீட்டுக்காரர் என்ன ஆனார் என்று சிலர் கேட்டிருந்தார்கள். அவரும் ஸ்டாம்ப் டியூட்டி கட்டிப் பதிவு செய்து வாங்கியவர்தான், பாவம். தன் வீடு பிளானில் கார் நிறுத்துமிடம் என்பது நாங்கள் டேப் பிடித்த அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். பில்டர் கொடுத்த ஜெராக்ஸில் அந்த இடத்தில் ஒரு வீடு வரைந்திருந்ததாம். இரண்டு ஜெராக்ஸிலும் பிளானிங் பெர்மிட் எண் ஒன்றேதான். அந்த எண்ணைப் போட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் சி.எம்.டி.ஏ-விடம் அசல் பிளானின் நகல் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.