புழு மருந்து கொடுத்தும் ஆட்டுக்குட்டிகளின் கழிச்சல் நிற்கவில்லை

கேள்வி
ஏழு வாரக் குட்டிகள் நான்கு. பால் மறக்கடித்துப் பத்து நாள் ஆகிறது. ஐந்து நாளாக இரண்டுக்குக் கழிச்சல். முதலில் புழுக்கை குழைந்து வந்தது. இப்போது கரும்பச்சை நீராகப் போகிறது. சளியும் வருகிறது, நேற்று ரத்தக் கீற்றும் கண்டேன். முதுகை வளைத்து முக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க மனம் தாங்கவில்லை. ஆல்பெண்டசோல் என்ற புழு மருந்து கொடுத்தும் பயனில்லை. அளவைக் கூட்டலாமா?

பதில் 1
கூட்ட வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்வது ரத்தக் கழிச்சல் போலத் தெரிகிறது. அதை உண்டாக்கும் ஐமீரியா புழு அல்ல, ஒற்றைச் செல் உயிரி. குடல் சுவரின் செல்லுக்குள் புகுந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். புழு மருந்து அதைத் தொடாது. இது தெரியாமல் இரண்டு முறை புழு மருந்து ஊற்றி ஒரு வாரத்தை வீணாக்கினேன். மூன்று குட்டிகளைப் பறிகொடுத்தேன். இன்றே புதிய சாணத்தை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஐமீரியாவை அடக்கும் சல்பா மருந்தோ ஆம்ப்ரோலியமோ தருவார். குட்டியின் எடையை நிறுத்துச் சொல்லுங்கள். உடலில் நீர் வற்றுவதுதான் குட்டியைக் கொல்லும். அதனால் உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி புகட்டுங்கள்.

பதில் 2
ஆம்ப்ரோலியம் தந்தால் சொன்ன நாளுக்கு மேல் தொடராதீர்கள். அது தயமின் (வைட்டமின் பி1) சத்தைத் தடுப்பதால் மூளை பாதிக்கப்படலாம். இன்னொன்று: நோயின் தொடக்கத்தில் சாணத்தில் எதுவும் தென்படாமல் போகலாம். அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேட்டவர்
தாய் ஆடுகள் நலமாகவே இருக்கின்றன. பக்கத்தில் அடையும் கோழிகளிடமிருந்து தொற்றியிருக்குமா?

பதில் 1
கோழிக்கு வருவது வேறு வகை, ஆட்டுக்குத் தொற்றாது. தாய் ஆடுகளிடமிருந்துதான் வந்திருக்கும். எதிர்ப்புத் திறன் வந்துவிட்டதால் அவை வாடுவதில்லை. ஆனால் சாணத்தில் கிருமியை விட்டுக்கொண்டே இருக்கும். ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் இரண்டு மூன்று நாளில் அது தொற்றும் நிலைக்கு வந்துவிடும். சாதாரணக் கிருமிநாசினிக்கு அசையாது. நன்றாகக் காய்ந்தால் சாகும். உங்கள் கொட்டிலில் ஈரம் எங்கே இருக்கிறது?

கேட்டவர்
தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித்தான். குட்டிகள் படுப்பதும் அங்கேதான். தொட்டியை வெளியே எடுத்துவிட்டேன், ஈரப் படுக்கையை வாரிக் கொட்டினேன். தீவனத்தொட்டியையும் குட்டிகள் ஏறி மிதிக்காத உயரத்தில் கட்டியிருக்கிறேன். மருத்துவர் சாணத்தைப் பார்த்து ரத்தக் கழிச்சல்தான் என்றார். நான்கு குட்டிகளுக்கும் சல்பா மருந்து தொடங்கியாகிவிட்டது. சின்னக் குட்டி இன்னும் எழவில்லை. கரைசலை மட்டும் விழுங்குகிறது. மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.