புதுப்பிப்பு: ஒட்டுசுட்டான் – மாங்குளம் செய்மதி இணைப்புக்கு எந்த பீம்?

செய்மதியின் வரைபடத்தில் சிக்னல் வலு கூட என்பதால் கேயூ பாண்ட் (உயர் அலைவரிசை) ஸ்பொட் பீம் (சிறு பகுதிக்கு மட்டும் குவியும் கதிர்) போதும் என்று முன்பு எழுதியதில் திருத்தம் இருக்கிறது. அந்த வரைபடம் இறங்கும் பக்கத்துக்கு (செய்மதியிலிருந்து டிஷ்ஷுக்கு) மட்டும்தான். ஏறும் பக்கத்துக்கு ஜி/டி (செய்மதி எவ்வளவு நன்றாகக் கேட்கும் என்ற அளவு) வரைபடத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பீம் ஓரத்தில் அது 3 டெசிபெல் குறைந்தால் அனுப்பும் வலு இரட்டிப்பாக வேண்டும். 1.2 மீற்றர் டிஷ்ஷை 1.8 ஆக்கினால் கிடைப்பது ஏறக்குறைய 3.5 டெசிபெல். அதை ஒரு மாரி மழையே விழுங்கிவிடும்! மழையிலும் அதிகம் அறுந்துபோகக் கூடாதென்றால் சி பாண்ட் (மழை குறைவாகப் பாதிக்கும் தாழ் அலைவரிசை) அகல பீம்தான். டிஷ் பெரிசு, செலவும் கூட.

இன்னொன்று: பெரும்பாலான ஸ்பொட் பீம் சேவைகளில் இரு நிலையங்களும் நேரே பேசாது. கேட்வே (சேவையின் தரை நிலையம்) வழியாகச் செய்மதிக்கு இரண்டு தாவல், ஒருவழித் தாமதமே அரை விநாடி. குரல் அழைப்புக்குச் சரிவராது.

வன்னியில் டிஷ் வானத்தை அண்ணாந்து பார்க்கும். தண்ணீர் தேங்கும் அடிப்பக்கத்தில் 6 மில்லிமீற்றர் துளை போடுங்கள்.