துருப்பிடித்த பிக்கப் பாடியின் மேல் தகடு அடித்து மூடலாமா?

உடுமலை தோப்புக்காரர்:
வணக்கம். என்னிடம் 2009-ஆம் ஆண்டு மாடல் பிக்கப் வண்டி ஒன்று உள்ளது. எஞ்சினில் குறை ஏதுமில்லை. ஆனால் பல்லடம் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து கோழி எருவும், அவ்வப்போது பொட்டாஷ் மூட்டைகளும் ஏற்றி வந்ததில், பாடியின் பக்கத் தகடுகள் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இற்றுப்போய், விரலால் அழுத்தினாலே உதிர்கின்றன. இரண்டு கதவுகளின் கீழ்விளிம்பிலும் பொத்தல் விழுந்துவிட்டது. புதிய பாடி கட்டுவதற்குச் சொல்லும் தொகை, வண்டியை விற்றால் கிடைக்கும் விலையில் பாதியை நெருங்குகிறது. துருவின் மேலேயே ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) அடித்து, பெயிண்ட் பூசி ஓட்டலாம் என்று எண்ணுகிறேன். அழகு தேவையில்லை, தோப்புக்கும் சந்தைக்கும் இன்னும் சில ஆண்டுகள் ஓடினால் போதும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

சங்ககிரி பட்டறை:
தகடு அடிக்கலாம், ஆனால் துருவின் மேல் அடிக்காதீர்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரம் சிக்கிக்கொண்டால், வெளியில் காற்றாட இருந்தபோது அரித்ததைவிட விரைவாக அரிக்கும். துரு இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளே பொருமி எழுந்து, தகட்டைப் பிணைக்கும் ரிவிட் ஆணியையே பிடுங்கிவிடும். பொட்டாஷ் என்பது குளோரைடு உப்பு. அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எனவே முதல் வேலை, பாடி முழுவதையும், குறிப்பாகத் தகடு மடிந்திருக்கும் இடுக்குகளை, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, நல்ல வெயிலில் உலரவிடுவது.

பிறகு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்து, இற்றுப்போனதை நல்ல இரும்பு தெரியும் வரை கிரைண்டரால் வெட்டி எறியுங்கள். மிச்சமிருக்கும் மேல்துருவை வயர் பிரஷ் போட்டுச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவி, எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். ரெட் ஆக்சைடு பிரைமர் விலை குறைவுதான். எரு ஏற்றும் வண்டிக்கு அது தாங்காது என்பது என் கருத்து.

தகடு 20 கேஜ் கனம் போதும். அதை வெட்டிய ஓட்டையின் அளவுக்கு ஒட்டுப்போடாமல், கயிறு கட்டும் கொக்கிகளுக்குக் கீழே ஓடும் மடிப்பு வரை ஒரே நீளமாக ஏற்றி, மேல்விளிம்பை அந்த மடிப்புக்கு அடியில் செருகுங்கள். அப்போதுதான் மழைநீர், ஓட்டுக்கூரையில் இறங்குவதுபோல, வெளிப்புறமாகவே வழிந்துவிடும். மேல்விளிம்பிலும் பக்க விளிம்புகளிலும் பி.யூ. சீலண்ட் (நீர் புகாமல் அடைக்கும் பாலியூரித்தேன் பசை) வையுங்கள், கீழ்விளிம்பை மட்டும் அடைக்காமல் விடுங்கள், உள்ளே போகும் நீர் வடிய அதுவே வழி. ஜி.ஐ. தகட்டை வெல்டிங் செய்தால் துத்தநாகம் எரிந்து வரும் புகை காய்ச்சலைக் கொடுக்கும். பாப் ரிவிட் போதுமானது. ஜி.ஐ. மீது நேரடியாக எனாமல் பூசினால் சில மாதங்களில் தோல்போல் உரியும். அதற்கென உள்ள எட்ச் பிரைமரை முதலில் பூச வேண்டும்.

கோவை ஃபைபர்காரர்:
பக்கத் தகடுகளைப் பொறுத்தவரை மேலே சொன்னதே சரி. கதவுகளுக்கு மட்டும் ஃபைபர் மேட்டை (கண்ணாடி இழை விரிப்பை) பரிந்துரைப்பேன், ஏனெனில் கதவின் கீழ்விளிம்பு வளைந்து மடிவதால் அங்கே தகடு சரியாக உட்காராது. சுரண்டிய இரும்பின் மேல் எபாக்ஸி ரெசினோடு இரண்டு மூன்று அடுக்கு மேட் ஒட்டினால் உறுதியாக நிற்கும். பட்டியை (பள்ளம் நிரப்பும் புட்டிப் பசையை) நேரடியாகப் பொத்தலில் திணித்து இழுத்துவிடும் பட்டறைகளும் உண்டு. பட்டி ஈரத்தை உறிஞ்சும், அடுத்த ஐப்பசி மழையிலேயே கொப்பளித்துவிடும். ஒட்டும்போது கதவின் அடியிலுள்ள சிறு வடிகால் துளைகளை அடைத்துவிடாதீர்கள். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் அந்தத் துளைகளில்தான் வெளியேறுகிறது, அவற்றில் மண் அடைத்துக்கொண்டதே உங்கள் கதவு இற்றதற்குக் காரணமாகவும் இருக்கலாம்.

திருச்செங்கோடு ஓட்டுநர்:
சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டுகளுக்குமேல் ஆகிவிட்டால் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்தாக வேண்டும். பிளந்து நிற்கும் கூர்மையான தகடு விளிம்பைப் பார்த்தால் ஆய்வாளர் திருப்பி அனுப்பலாம். விளிம்புகளை மடித்துவிடுங்கள், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள நிறத்தையே பூசுங்கள். இதைவிட முக்கியம், வண்டிக்கு அடியில் படுத்து, பாடியைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களையும் சேசிஸையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று ஒலித்தால், பக்கத் தகட்டில் செலவழிப்பது வீண். சட்டம்தான் பாரத்தைத் தாங்குகிறது, தகடு தாங்குவதில்லை.

உடுமலை தோப்புக்காரர்:
மூவருக்கும் நன்றி. தட்டிப் பார்த்துவிட்டேன், சட்டங்கள் நன்றாக உள்ளன, பின்கதவுக்கு அருகில் இருக்கும் ஒன்று மட்டும் மேலாகத் துருவேறியிருக்கிறது. இன்னொரு சந்தேகம்: உக்கடம் பழைய இரும்புக் கடையில், பேருந்துத் தரையிலிருந்து கழற்றிய அலுமினியச் செக்கர்டு (மேடு மேடாகக் கோலமிட்ட) தகடு எடைக்குக் கிடைக்கிறது. ஜி.ஐ.க்குப் பதிலாக அதையே போடலாமா?

சங்ககிரி பட்டறை:
பாடியின் தரைக்குப் போடலாம், மூட்டை இழுப்பதற்கும் வசதி. ஆனால் இரும்பும் அலுமினியமும் ஒட்டி நின்று நடுவே உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். தொடும் இடம் முழுவதும் பெயிண்டும் சீலண்டும் இருந்தாக வேண்டும், ஸ்டீல் போல்ட்டுகளுக்கு நைலான் வாஷர் போட வேண்டும். எரு ஏற்றுவதை நிறுத்தப்போவதில்லை என்றால் பக்கங்களுக்கு ஜி.ஐ.யே போடுங்கள். துருவேறிய அந்தச் சட்டத்தை இப்போதே சுரண்டி பிரைமர் அடியுங்கள். பக்கத் தகடு ஏறிவிட்டால் அங்கே கை நுழையாது.