ஹிக், ஹைக், ஹொக்: அட்டவணை மனப்பாடம், வாக்கியத்தில் மட்டும் தவறுகிறது

கேள்வி

லத்தீன் சுட்டுப்பெயர்களில் ஹிக் (இந்த), இல்லெ (அந்த) இரண்டையும் தடங்கலில்லாமல் ஒப்பிக்க வருகிறது. எழுதினால் சறுக்குகிறது. சிவப்பு மை விழுந்த நான்கு:

1. இந்தப் புத்தகத்தைப் படிக்கிறேன்: ஹிக் லிப்ரும் லெகோ
2. இந்த அரசிக்கு ரோஜா தருகிறேன்: ஹை ரேகீனை ரொசம் தோ
3. அந்தப் பெண்ணின் மகன்: இல்லை ஃபேமினை ஃபீலியுஸ்
4. இது என் புத்தகம்: ஹொக் எஸ்த் லிபெர் மெயுஸ்

இன்னொன்று: 'ஹைக் தோன' என்றால் 'இந்தப் பரிசுகள்' என்கிறார்கள். ஹைக் பெண்பால் ஒருமை அல்லவா?

பதில் 1

முதல் தவறு தமிழிலிருந்து வருவது. இந்தப் புத்தகம், இந்தப் புத்தகத்தை, இந்தப் புத்தகத்துக்கு: பெயர்தான் உருபு ஏற்கிறது, 'இந்த' அசைவதில்லை. லத்தீனில் சுட்டும் சேர்ந்து மாறும். அதனால் சுட்டை முதலில் எழுதாதீர்கள், இடம் விட்டுப் பெயரை எழுதுங்கள். அதன் பால், எண், வேற்றுமை மூன்றையும் ஓரத்தில் குறித்துவிட்டுப் பிறகு சுட்டை நிரப்புங்கள். லிப்ரும் ஆண்பால், ஒருமை, இரண்டாம் வேற்றுமை. ஆகவே ஹுங்க் லிப்ரும் லெகோ.

பாலைப் பொருளைப் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. புத்தகம் நமக்கு அஃறிணை, அங்கே லிபெர் ஆண்பால். கப்பல், அதாவது நாவிஸ், பெண்பால்.

2, 3 இரண்டுக்கும் ஒரே காரணம். பெயர் 'ஐ' என்று முடிவதைப் பார்த்துச் சுட்டையும் அதே ஓசைக்கு இழுத்திருக்கிறீர்கள். பால், எண், வேற்றுமை ஒத்தால் போதும், ஓசை ஒக்க வேண்டியதில்லை. ஒருமையில் ஆறாம், நான்காம் வேற்றுமைகளில் மூன்று பாலுக்கும் ஒரே வடிவம்தான்:

ஆறாம்: ஹுய்யுஸ், இல்லீயுஸ்
நான்காம்: ஹுய்க் (ஒரே அசையாக), இல்லீ

எனவே ஹுய்க் ரேகீனை ரொசம் தோ. இல்லீயுஸ் ஃபேமினை ஃபீலியுஸ். ஊனுஸ், ஸோலுஸ், தோதுஸ், நூல்லுஸ் போன்ற சில பெயரடைகளும் இதே வழியில் போகும் (தோதீயுஸ், தோதீ). இந்த இரண்டு வரியில் செலவிடும் நேரம் வீண்போகாது.

பதில் 2

நான்காவதற்கு: 'இது இன்னது' என்று அடையாளம் காட்டும் வாக்கியத்தில் சுட்டு, பயனிலையாக வரும் பெயரின் பாலையே வழக்கமாக ஏற்கும். லிபெர் ஆண்பால், ஆகவே ஹிக் எஸ்த் லிபெர் மெயுஸ். லத்தீன் திருப்பலியில் அடுத்தடுத்து வரும் இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்: ஹொக் எஸ்த் எனிம் கொர்புஸ் மெயும் (இது என் உடல்), ஹிக் எஸ்த் எனிம் கலிக்ஸ் (இது கிண்ணம்). கொர்புஸ் அஃறிணைப் பால், கலிக்ஸ் ஆண்பால். சுட்டு மாறியதற்கு வேறு காரணமில்லை.

'ஹைக்' இரட்டை வேடம் போடும் சொல். பெண்பால் ஒருமை எழுவாய்க்கும், அஃறிணைப் பன்மையில் எழுவாய், இரண்டாம் வேற்றுமை இரண்டுக்கும் அதுவே. பெண்பால் பன்மை எழுவாய் 'ஹை', கடைசியில் க் இல்லை. பெயரில்லாமல் தனியே வந்தால் வினையைப் பாருங்கள். ரோமப் பேச்சாளர் கிக்கெரோவின் (சிசரோ) 'செனாதுஸ் ஹைக் இந்தெல்லெகித்' (செனட் இவற்றை அறிகிறது) தொடரில் செனாதுஸ் எழுவாய்; அப்படியானால் ஹைக் 'இவற்றை'.

அந்தக் க் எங்கே ஒட்டும் என்பதற்குச் சுலபமான சோதனை உண்டு. அது 'கெ' என்ற பழைய சுட்டு ஒட்டின் மிச்சம். ஒருமையில் ஆறாம் வேற்றுமை தவிர எல்லா வடிவத்திலும் இருக்கும். பன்மையில் 'ஹைக்' ஒன்றில் மட்டும். ஹோரும், ஹாரும், ஹீஸ், ஹோஸ், ஹாஸ் எதிலும் வராது. ஹுங்க், ஹங்க் இரண்டிலும் மகரம் ஙகரமாக ஒலிப்பதும் இந்தக் ககரத்தால்தான்.

நெடிலுக்குக் கோடு போடாத பதிப்புகளில் கவனம். ஹிக் என்றால் இவன், இந்த. ஹீக் என்றால் 'இங்கே'. ஹொக் எழுவாய் அல்லது இரண்டாம் வேற்றுமை. ஹோக் அப்லேட்டிவ், அதாவது நம் ஆல், இருந்து, இல் எல்லாம் சேர்ந்த வேற்றுமை. ரோம எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே கிடக்கும்.

கேட்டவர்

நன்றி. இன்னொரு சுட்டான இஸ்தெ எப்போது வரும்? 'அந்தச் சிறுமிக்கு உன்னிடமுள்ள புத்தகத்தைத் தருகிறேன்' என்பதற்கு 'இல்லை புவெல்லை இஸ்தும் லிப்ரும் தோ' சரியா?

பதில் 1

இஸ்தும் சரி. இஸ்தெ கேட்பவர் பக்கத்தில் இருப்பதைச் சுட்டும். யாழ்ப்பாணப் பேச்சின் 'உது' தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். நீதிமன்றப் பேச்சில் எதிராளியைச் சுட்டும்போது இளக்காரமும் ஏறும்: சிசிலியின் ஆளுநராக இருந்த வெர்ரெஸ் மீதான வழக்கில் கிக்கெரோ அவனை இஸ்தெ என்றே குறிப்பிடுகிறார். இல்லெ போலவே உருபேற்கும்.

முதல் சொல்தான் பழைய தவறு. இல்லை புவெல்லை என்றால் 'அந்தச் சிறுமிகள்'. சிறுமிக்கு என்றால் இல்லீ புவெல்லை. அதே இல்லீ ஆண்பால் பன்மை எழுவாயாகவும் வரும். இல்லீ தந்த் என்றால் 'அவர்கள் தருகிறார்கள்'. இல்லீ தத் என்றால் 'அவனுக்கு' அல்லது 'அவளுக்குத் தருகிறான்'. வினை ஒருமையா பன்மையா என்பதே அங்கே வேறுபாடு.