தொட்டிலுக்கு வாங்கின புதுச்சட்டையில் வாடை. நனைக்காமல் போடலாமா?

கும்பகோணம்_அத்தை:
தங்கச்சி மகளுக்குப் பையன் பிறந்திருக்கான். வெள்ளிக்கிழமை தொட்டில் போடுறோம். பெரிய கடைத்தெருவில் எடுத்த சட்டையைக் கவரிலிருந்து பிரிச்சதும் மூக்கில் ஏறுது, கண்ணும் லேசா எரியுது. நனைச்சுப் போடலாம்னா சம்பந்தியம்மா, "நனைச்சுட்டா அது எப்படிக் கோடி? மூலையில மஞ்சள் வச்சுப் போடு"ங்கிறாங்க. மூத்தவளுக்கு வேற, தீபாவளிக்கு எடுத்த கருநீல சாடின் பாவாடை சட்டையில் அக்குள், இடுப்பெல்லாம் தடிச்சுப்போச்சு. கல் உப்பில் ஊறவச்சும் சாயம் விடுது. என்னதான் போடுறாங்க இதுல?

குடவாசல்_செந்தில்:
அத்தை, திருப்பூர்ல பினிஷிங் லேப்ல இருந்துட்டு இப்ப ஊர்ல தாளடி பாக்குறவன் நான். கண்ணு எரியுதுன்னா பெரும்பாலும் பார்மால்டிஹைடுங்கிற காரமான வாயு. துணி கசங்காம நிக்க ரெசின்னு ஒரு பிசின் பூச்சு குடுப்பாங்க, அதுலேர்ந்து வர்றது. பிளாஸ்டிக் கவருக்குள்ள அடைஞ்சு கிடந்து, பிரிச்சதும் முகத்துல அடிக்கும். தண்ணில கரையுற சாமான்தான். ராத்திரி ஊறப்போட்டுக் காலைல ரெண்டு தண்ணி அலசி வெயில்ல போட்டா பெரும்பகுதி போயிடும். ரெசின் துணியிலேயே இருக்கும்ங்கிறதால அப்புறமும் கொஞ்சம் கொஞ்சமா விடும். அதனால பிள்ளைக்கு 'ரிங்கிள் ஃப்ரீ'ன்னு போட்டதே வேண்டாம். ஜப்பான்ல ரெண்டு வயசுக்குட்பட்ட பிள்ளைத் துணிக்கு 16 பிபிஎம்தான் (பத்து லட்சத்துல 16 பங்கு) வரம்பு, பெரியவங்க உடம்புல படுற துணிக்கு 75. மண்ணெண்ணெய் வாடைன்னா வேற கதை, அது பிரிண்ட் பேஸ்ட்.

சாடினுக்கு உப்பு வீண். அது பாலியஸ்டர். அதுக்குப் போடுற டிஸ்பர்ஸ்ங்கிற வகைச் சாயம் நூலோட ஒட்டிப் பிணையாது, உள்ளே புகுந்து உக்காந்திருக்கும், அவ்வளவுதான். வேர்வை பட்டா வெளிய வரும். கருநீலம், கருப்புல தொந்தரவு ஜாஸ்தி. ஈர வெள்ளைக் கைக்குட்டையால தேச்சுப் பாருங்க, தெரிஞ்சுடும்.

வாடை இல்லாத துணி நல்ல துணின்னும் நினைச்சுடாதீங்க. அசோன்னு ஒரு சாய வகை, அதுல சிலது உடைஞ்சு புற்றுநோய் தர்ற அமீன்ங்கிற ரசாயனத்தை விடும். அந்தச் சாயத்துக்கு வாடையே கிடையாது, துவைச்சாலும் போகாது. ஜெர்மனி 1994-ல தடை போட்டுச்சு, நம்ம அரசு 1997-ல 70 சாயத்தை நிறுத்துச்சு. துணியில கெடுதலான ரசாயனம் இருக்கான்னு சோதிச்சுக் குடுக்குற ஓக்கோ டெக்ஸ் லேபிள் இருந்தா அதுல உள்ள நம்பரை அவங்க தளத்துலயே போட்டுப் பாக்கலாம்.

நாச்சியார்கோவில்_நர்ஸம்மா:
நம்ம பக்கம் பிறந்த பிள்ளையைப் பழைய வேட்டியில சுத்துறது நல்ல வழக்கம். நூறு தடவை துவைச்சதுல ஒண்ணும் மிஞ்சியிருக்காது. ஆனா அந்த வேட்டி எங்கே இருந்துச்சு? பீரோவுல பாச்சை உருண்டை போட்டு வச்சதுன்னா தொடவே தொடாதீங்க. ரத்தச் சிவப்பணுவைக் காக்குற ஜி6பிடிங்கிற நொதி குறைவா இருக்கிற பிள்ளைக்கு அந்த நாப்தலின் பட்டா ரத்த அணு உடைஞ்சு மஞ்சள் காமாலை ஏறும். இந்தக் குறை ஆம்பளைப் பிள்ளைக்குத்தான் அதிகம். உங்களுக்குப் பையன், அதான் சொல்றேன். பெரியவளுக்குத் தடிப்பு இறங்கலைன்னா தோல் டாக்டர்கிட்ட பேட்ச் டெஸ்ட் (எது ஒத்துக்கலைன்னு தோல்ல ஒட்டிப் பாக்குற சோதனை) கேளுங்க.

கும்பகோணம்_அத்தை:
ஐயையோ, எடுத்து வச்ச வேட்டி முழுக்க உருண்டை வாடைதான்! தாத்தா கட்டிக்கிட்டிருக்கிறதையே கேட்டு வாங்கித் துவைச்சாச்சு. சம்பந்தியம்மாகிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். கோடியைத் தொட்டில் கயித்துல கட்டிட்டு, பிள்ளைக்கு வேட்டித் துணிங்கிற வரைக்கும் இறங்கி வந்திருக்காங்க. செந்தில் தம்பி, சாடினுக்கு உள்ளே காட்டன் உள்பாவாடை போட்டா சமாளிக்கலாமா? ஆயிரத்து எண்ணூறு ரூபாய்ப்பா!

குடவாசல்_செந்தில்:
இடுப்புக்கு ஆகும். அக்குளுக்கு ஆகாது அத்தை. கையை வெட்டிட்டுக் காட்டன் கை வச்சுத் தைக்கச் சொல்லுங்க, பாவாடை பொழைச்சுக்கும்.