கார்க் கதவில் ஒட்டும் தாள்: அடக்கியா, அமர்த்தியா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கார்க் கதவின் தகடு அதிராமலிருக்க ஒட்டுகிற தாளுக்கு ஒரு தமிழ்ப் பெயர் சொல்லுங்கள் என்று போன வாரம் கேட்டிருந்தேன். நிறையவே மறுமொழி வந்துவிட்டது. அதில் பாதிப் பேர் ‘எந்தத் தாளைச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளையைக் கண்ணில் காட்டாமல் பேர் வைக்கச் சொல்லிவிட்டேன், தவறு என்னுடையதுதான். அதனால் முதலில் கதவைக் கழற்றிக் காட்டுகிறேன். பெயரைப் பிறகு பார்ப்போம்.

சித்தப்பா பள்ளத்தூரில் வைத்திருந்த சின்னக் கார் இப்போது என்னிடம், காரைக்குடியில் நிற்கிறது. பன்னிரண்டு வயது. எஞ்சினில் குறை இல்லை, பாட்டில்தான் குறை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஓரத்தில் கிழிந்திருந்தது. தவில் தனி வந்தால் தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கியது போலக் கேட்கும். தேவகோட்டைக்கு ஒரு நடை போய் வந்தால் தலைவலி நிச்சயம். சரி, நாமே மாற்றிப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

பாட்டுக் கேட்கிற செட்டை மாற்றியது பெரிய வேலை இல்லை. டாஷ்போர்டில் ‘இரட்டை டின்’ (DIN) என்கிற கார் செட்டு அளவுக்கு, அதாவது 180-க்கு 100 மில்லிமீட்டர், இடம் இருந்தது. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். செட்டிலிருந்து வரும் வயர்களில் மஞ்சளில் எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டும், சிவப்பில் சாவியைத் திருப்பினால்தான் வர வேண்டும், கறுப்பு எர்த். நான் மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் செட்டு, வைத்த ரேடியோ நிலையங்களை மறந்துபோனது. இன்னொன்று, பெட்டியின் மேல் ‘50 வாட் × 4’ என்று போட்டிருப்பது கண நேர உச்சம். விடாமல் தருவது 15, 20 வாட்தான். சின்னக் காருக்கு அது தாராளம்.

புது ஸ்பீக்கர் ஆறரை அங்குலம். கதவு ஓட்டைக்கும் அதற்கும் நடுவில் ஒரு வளையம் வேண்டும். மரநாரை அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகையில் செய்தால் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். நம் ஊரில் இதற்கா பஞ்சம்? முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடையில் பர்மா தேக்குத் துண்டு ஒன்று கிடைத்தது. ஆசாரியிடம் கொடுத்து இரண்டு வளையம் அறுத்து வாங்கினேன். எந்த அப்பச்சி கொண்டுவந்து இறக்கிய மரமோ, இன்று என் கார்க் கதவுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

எல்லாம் மாட்டி, அதே தவில் தனியைப் போட்டேன். பழையதைவிட மோசம்! தவிலின் தொப்பிப் பக்கத்தில் கழி விழும்போதெல்லாம் கதவே சேர்ந்து வாசித்தது.

இதுதான் இடம், கவனியுங்கள். கதவின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இரும்பு. விரலை மடக்கித் தட்டினால் ‘டொய்ங்’ என்று இழுக்கும். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும் அளவுக்குப் பின்னாலும் தள்ளுகிறது. அந்தப் பின்பக்க அலை கதவுக்குள் போய்த் தகட்டை ஆட்டுகிறது, தகடு தன் பங்குக்குப் பாடுகிறது. இது போதாதென்று, கதவின் உள்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கின்றன, அவற்றை மூடியிருப்பது ஒரு பிளாஸ்டிக் தாள்தான். பின்பக்க அலை அந்த வழியாக வெளியே வந்து முன்பக்க அலையைச் சந்திக்கிறது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவதால், கீழ்ச்சுருதியில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. மந்தரம் காணாமல் போவது இப்படித்தான்.

இதற்கு மருந்து கேட்டு ஒரு கடைக்குப் போனேன். ‘சவுண்ட் ப்ரூஃப் போடுங்க’ என்று ஒரு ஃபோம் சுருளைக் கொடுத்தார்கள். ஒட்டினேன், தகடு அசரவில்லை. இன்னொரு கடையில் ‘மேட்’ என்றார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் தார். கூரை ஒழுக்குக்கு ஒட்டுகிற சாமான். சித்திரை வெயிலில் இரண்டே நாளில் இளகி, கதவின் அடிவிளிம்பு வரை வழிந்தது. வண்டிக்குள் உட்கார்ந்தால் புதுச் சாலை போடுகிற வாடை. அதைச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று.

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் நான் பெயர் கேட்கிற தாள். இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குப் பியூட்டைல் ரப்பர், கறுப்பாக, பிசுபிசுவென்று இருக்கும். மேலே அலுமினியத் தகடு. கதவுத் தகட்டை ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு ஒட்டி, சின்ன மர உருளையால் அழுத்தி உருட்ட வேண்டும். அலுமினியத்தின் மேல் புடைத்திருக்கும் கட்டம் மழமழவென்று ஆகும்வரை உருட்டினால்தான் பிடிக்கும். வெட்டிய விளிம்பு பிளேடு மாதிரி. இரண்டு விரலில் ரத்தம் பார்த்துவிட்டேன். வெளித்தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை, நடுவில் மூன்றில் ஒரு பங்கு போதும். உள்தகட்டு ஓட்டைகளை மட்டும் அடைத்துவிட வேண்டும். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற துளைகளை அடைத்துவிடாதீர்கள், கதவு துருப்பிடித்துப் போகும். கண்ணாடியை ஒரு தடவை முழுக்க இறக்கிப் பார்த்துவிட்டு மூடுங்கள்.

அப்புறம் தட்டினேன். ‘டொய்ங்’ போய் ‘தொப்’. கதவைச் சாத்தினால் முகப்புக் கதவைச் சாத்துகிற கனத்தோடு மூடுகிறது.

தாள் செய்கிற வேலை இரண்டு. ஒன்று, தகட்டில் பாரம் ஏற்றுவது. மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பினால் சுருதி இறங்குகிறதே, அது போலத்தான். மற்றது இன்னும் முக்கியம். தகடு வளையும்போது, இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் இழுபட்டு, ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது. அதனால் ஆட்டம் சீக்கிரம் ஓய்கிறது. ஆக, இது ஒலியை மறிக்கவும் இல்லை, உறிஞ்சவும் இல்லை.

இனி உங்கள் மறுமொழிகளுக்கு வருகிறேன்.

> ஸ்பீக்கரை ஸ்பீக்கர் என்றே எழுதுகிறீர்கள். இதற்கு மட்டும் தமிழ் எதற்கு?

ஸ்பீக்கர் என்றால் எல்லோருக்கும் ஒரே பொருள்தான் கைக்கு வருகிறது. ‘ஒலிபெருக்கி’ என்று எழுதப் போனால் அது ஆம்பிளிஃபையரா, ஸ்பீக்கரா, திருவிழாவில் கட்டுகிற குழாயா என்று விளக்க வேண்டியிருக்கும். ‘ஒலிப்பான்’ என்றால் காரில் அது ஹாரன். அதனால் ஸ்பீக்கர் அப்படியே இருக்கட்டும் என்பது என் கட்சி. இந்தத் தாளின் கதை வேறு. கடையில் இதற்கு மூன்று பெயர் புழங்குகிறது, மூன்றும் வேறு வேறு பொருளைத் தூக்கிக் கொடுக்கின்றன. தப்பான பெயருக்கு நான் இரண்டு தடவை காசு கொடுத்திருக்கிறேன்.

> ஒலித்தடுப்பான் / ஒலியுறிஞ்சி

மேலே சொன்ன ‘சவுண்ட் ப்ரூஃப்’ தமிழ் வேட்டி கட்டி வந்தது முதல் சொல். இரண்டாவது ஃபோமுக்குப் பொருந்தும், அதற்கே வைத்துக்கொள்வோம்.

> அதிர்வுறிஞ்சி

ஷாக் அப்சார்பரை இந்தச் சொல்லால் எழுதுகிறவர்கள் உண்டு. ஒரே காரில், சக்கரத்தில் ஒன்றும் கதவில் ஒன்றுமாக இரண்டு அதிர்வுறிஞ்சி வேண்டாம்.

> பள்ளிப் பாடநூலில் ‘தடையுறு அலைவு’ இருக்கிறது. அதிலிருந்தே ‘தடையுறுத்தி’ என்று எடுக்கலாமே.

இதைச் சொன்ன கண்டனூர் ஆச்சி இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவர். அவர் சொல்வதைத் தள்ள எனக்கு மனம் இல்லை. பாடநூல் சொல்லை மாற்றவும் நான் கேட்கவில்லை. ஆனால் ஆச்சி, ‘ஸ்பீக்கரின் தடை 4 ஓம், கதவுக்குத் தடையுறுத்தி 2 மில்லிமீட்டர்’ என்று ஒரே பத்தியில் எழுதினால் வயரிங் தெரிந்தவரே குழம்பிப்போவார்.

> அதிர்வடக்கி

இதற்குத்தான் ஆதரவு அதிகம். சுருக்கமாகவும் இருக்கிறது. நானும் இரண்டு நாள் இதையே எழுதிப் பார்த்தேன். இடிப்பது எங்கே தெரியுமா? ‘அடக்கி வாசி’ என்று சொல்லியே வளர்ந்த காது நம்முடையது. அடக்கி என்றதும் பாட்டின் சத்தம் குறையும் என்றுதான் தோன்றும். நடப்பதோ நேர்மாறு. தகடு வாயை மூடியதும் ஸ்பீக்கர் தாராளமாக வாசிக்கிறது.

என் முன்மொழிவு: அமர்த்துத்தாள். எங்கள் அப்பத்தா ‘வெளக்க அமத்து’ என்பார். காற்று அமர்ந்தது, காய்ச்சல் அமர்ந்தது என்கிறோம். ஓங்கி அடித்து நிறுத்துகிற தோரணை அதில் இல்லை, தானாகத் தணிந்து உட்காருகிற மெதுவான சாயல் இருக்கிறது. ரப்பர் தகட்டை ஓயவைப்பதும் அப்படித்தான். செயலைச் சொல்ல அதிர்வமர்த்தல், பொருளைச் சொல்ல அமர்த்துத்தாள். திட்டுவதென்றால் இப்போதே திட்டிவிடுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து

---

தம்பிக்கு,

கதவைத் திறந்து காட்டியது நல்லது. எனக்குக் காரும் தெரியாது, ஸ்பீக்கரும் தெரியாது. தமிழில் மட்டும் இரண்டு குறை சொல்கிறேன்.

ஒன்று. ‘வண்டி அமர்த்தி வந்தோம்’ என்றால் வாடகைக்கு எடுத்தோம் என்று பொருள். ‘கார் அமர்த்துத்தாள்’ என்று எவராவது எழுதினால், டிராவல்ஸ்காரன் கொடுக்கிற ரசீது என்றுதான் நினைப்பேன்.

இரண்டு. அது என்ன அமர்த்துத்தாள், நடுவில் ஒரு ‘த்’? அமர்த்திய தாள், அமர்த்துகிற தாள், அமர்த்தும் தாள் என்று முக்காலமும் விரிந்தால் அது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. சுடுசோறு, ஊறுகாய். நாற்பது வருஷம் கரும்பலகையில் எழுதியதை இங்கேயும் எழுத வைக்கிறீர்கள்.

தேவகோட்டையிலிருந்து

---

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

ரசீதைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அந்தக் குழப்பம் நிஜமாகவே வரும். ஆகவே ‘கார்’ என்று முன்னால் சேர்க்க வேண்டாம். சேர்க்க வேண்டிய இடத்தில் ‘கதவு’ என்று சேர்ப்போம். கதவை யாரும் வாடகைக்கு எடுப்பதில்லை.

ஒற்று விஷயத்தில் தோற்றேன். ‘அமர்த்தல் தாள்’ என்று வைத்துத் தப்பிக்கலாமா என்று பார்த்தேன். நீங்கள் உடனே சந்தி சேர்த்து ‘அமர்த்தற்றாள்’ ஆக்குவீர்கள், கதையில் வருகிற யாரோ ஒரு பெண்மணி மாதிரி இருக்கும். அதனால் அமர்த்துதாள். சொல்லிப் பார்த்தேன், நாக்கு ஒற்றைத் தேடத்தான் செய்கிறது. எழுதும்போது எழுதமாட்டேன், பேசும்போது வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மூன்றாம் கடைக்கே மறுபடி போனேன், இடப்பக்கக் கதவுக்கு வாங்க. ‘அமர்த்துதாள் இருக்கா?’ என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். கடைப் பையன் முழித்தான்.

‘எதண்ணே அமத்தணும்?’

‘கதவு அதிர்றத.’

‘அதுவா’ என்று பரண் மேல் ஏறி, சரியான சுருளையே எடுத்துப் போட்டான்.

நான்கு தாள் வாங்கி வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒட்ட வேண்டும், இந்தத் தடவை கையுறையோடு. ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கரில் தொட்டுக் கூம்பு வெளியே வருகிறதா, உள்ளே போகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ஒரு பக்கம் வயர் தலைகீழாக இருந்தால் இத்தனை நாள் பாடுபட்டு மீட்ட மந்தரம் மறுபடி ஓடிவிடும். அந்தத் தலைகீழுக்கு ஒரு சொல் வேண்டும் என்று ஆச்சி தனியாகக் கேட்டிருக்கிறார். அதைப் புது இழையில் வைத்துக்கொள்வோம்.