ஹசார்ட் பொட்டன்ஷியல்: ‘உயர் ஆபத்து அணை’யை விட்டுவிடுவோம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

சிறிய தனியார் அணைகளுக்கான பாதுகாப்புச் சொற்பட்டியலில் பாதி முடிந்துவிட்டது. மதகு, தூம்பு, கலிங்கு, மறுகால் எல்லாம் ஊரிலேயே இருந்த சொற்கள், எடுத்து வைத்ததோடு சரி. ஆனால் மூன்று நாளாக ஒரே சொல்லில் நிற்கிறோம். ஹசார்ட் பொட்டன்ஷியல். அணை உடைந்தால் கீழே எவ்வளவு கேடு வரும் என்பதைக் குறிக்கிற சொல். இதுவரை ‘ஆபத்து வாய்ப்பு’, ‘இடர்த்திறன்’, ‘அபாய நிலை’ என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. வரைவில் ‘உயர் ஆபத்து அணை’ என்று எழுதியவன் நான்தான். அதைத் திரும்பப் பெறுகிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

போன மாதம் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். தோட்டத்துக்கே சொந்தமான மண்ணணை, மூன்றாள் உயரம் இருக்கும். கரையைப் பார்த்துக்கொள்பவர் இருபது வருடமாக அங்கேயே இருப்பவர். அவரிடம் வரைவுத்தாளை வாசித்துக் காட்டினேன். ‘உயர் ஆபத்து அணை’ என்று வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “நம்ம கரைக்கு என்ன சார் கொறை? வந்து பாருங்க” என்று கையோடு அழைத்துப் போனார். உண்மையிலேயே குறை இல்லை. புல்லை ஒட்ட வெட்டியிருந்தார். கரையில் ஒரு மரக்கன்றுகூட இல்லை. மிகுதி நீர் வழிந்தோடும் கலிங்கில் ஒரு சருகு கிடையாது. கரையடியில் கசிகிற நீரை வாரம் ஒருமுறை பாட்டிலில் பிடித்து, தேதி எழுதிய சீட்டை ஒட்டி, மோட்டார் அறை ஜன்னலில் வரிசையாக வைத்திருந்தார். ஏழு பாட்டில்கள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். அடியில் துளி வண்டல் இல்லை. கசிவு தெளிவாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை, கலங்கினால் கரைக்குள்ளிருந்து மண் வருகிறது என்று பொருள். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லையாம்.

அப்புறம் கரைமேல் நின்று கீழே பார்த்தேன். ஓடை திரும்புகிற இடத்தில் தொழிலாளர்களின் லைன் வீடுகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும். வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதற்கும் கீழே ஒரு பால்வாடி. கரை எவ்வளவு நல்ல கரையாக இருந்தாலும், அந்த வீடுகள் அங்கே இருக்கும்வரை அது மேல் வகை அணைதான். அவரிடம் இதை விளக்க முயன்றேன். நான் போட்ட சொல்லே குறுக்கே நின்றது. தன் வேலையைக் குறை சொல்கிறேன் என்றே அவர் கடைசிவரை நினைத்தார்.

அமெரிக்கக் கூட்டாட்சி வழிகாட்டுதலில் இந்த வகைப்பாடு மூன்று படி. அணை உடைந்தால் ஓர் உயிராவது போகும் என்று கருத இடமிருந்தால் மேல் வகை. உயிர் போகாது, ஆனால் பிறருடைய சொத்துக்கோ சாலைக்கோ சூழலுக்கோ கேடு வரும் என்றால் நடு வகை. இழப்பு பெரும்பாலும் உரிமையாளரோடு நின்றுவிடும் என்றால் கீழ் வகை. உடையுமா உடையாதா என்ற கேள்வியே இதில் இல்லை. கரை எப்படி இருக்கிறது என்பது வேறு மதிப்பீடு, படிவத்தில் வேறு கட்டம். அங்கே தேசிய அணைப் பட்டியலில் உள்ள அணைகள் 90,000-க்கும் மேல், அதில் பாதிக்கு மேல் தனியாருடையவை. அத்தனை பேருக்கும் இந்த இரண்டு கட்டங்களையும் பிரித்துச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் தடுமாற வைக்கிறது. தென்னாப்பிரிக்கச் சட்டம் ஐந்து மீட்டருக்கு மேல் உயரமும் 50,000 கன மீட்டருக்கு மேல் கொள்ளளவும் உள்ள அணை எல்லாவற்றையும் ‘பாதுகாப்பு அபாயமுள்ள அணை’ என்கிறது. பண்ணைக்காரர் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும்போது என்ன நினைப்பார்?

நல்ல கரை வைத்திருப்பவரை இந்தச் சொல் பயமுறுத்துகிறது. அதைவிடக் கேடு, மோசமான கரை வைத்திருப்பவரை இது தூங்க வைத்துவிடும். ஹவாயில் காவாய் தீவின் கா லோகோ அணை 1890-இல் கரும்புத் தோட்டப் பாசனத்துக்காகக் கட்டிய மண்ணணை, தனியாருடையது. அணைப் பட்டியலில் அது ‘லோ ஹசார்ட்’, அதாவது கீழ் வகை. 2006 மார்ச் 14 அதிகாலையில், பல நாள் மழைக்குப் பிறகு உடைந்தது. கீழே வீடுகளில் இருந்த 7 பேர் இறந்தார்கள். கலிங்கு மண்ணால் மூடப்பட்டிருக்கலாம் என்று விசாரணையில் தெரியவந்தது. ‘குறைந்த ஆபத்து அணை’ என்று தமிழில் ஒரு பலகை வைத்தால், யார் கலிங்கைப் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். இந்த அணைகளை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அணைக்காரர்கள் அல்லர். ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவாவுக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை ஒரு பைபிள் கல்லூரிக்குச் சொந்தம். மின்சாரம் எடுத்த காலம் போய், வெறும் ஏரியாக நின்றது. கீழ்ச்சரிவு சரிந்திருப்பது 1973-இல் எடுத்த படத்திலேயே தெரிகிறது. 1977 நவம்பர் 6, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு உடைந்து 39 பேரைக் கொண்டுபோனது. குடியரசுத் தலைவர் கார்ட்டர் அதன் பிறகுதான் கூட்டாட்சி அரசுக்குச் சொந்தமில்லாத மேல் வகை அணைகளை ராணுவப் பொறியாளர்களைக் கொண்டு சோதிக்கச் சொன்னார். ஏறத்தாழ 9,000 அணைகளைப் பார்த்தார்கள். மூன்றில் ஒன்று பாதுகாப்பற்றது என்று வந்தது. கென்யாவில் சொலாய் பக்கம் ஒரு பண்ணை அணை 2018 மே 9 இரவு உடைந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் இதே கதைதான். கல்லூரிக்காரரும் பண்ணைக்காரரும் படித்தவுடன் புரிந்துகொள்கிற சொல் வேண்டும். நாம் எழுதுவது பொறியாளருக்காக அல்ல.

இனி வந்த பரிந்துரைகள். ‘ஆபத்து வாய்ப்பு’ கூடாது. வாய்ப்பு என்றாலே எத்தனைக்கு எத்தனை என்று கேட்போம், இங்கே அந்தக் கணக்கே கிடையாது. ‘அபாய நிலை’ இன்னும் மோசம். ஆற்றில் வெள்ளம் அபாய நிலையைத் தாண்டியது என்று தினமும் செய்தியில் கேட்கிற காது அது. ‘இடர்த்திறன்’ சொல்லாக அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இடர் என்பதை இங்கே ரிஸ்குக்கும் போடுகிறோம், ஹசார்டுக்கும் போடுகிறோம். இலங்கை நண்பர் சுட்டியதுபோல, நாம் பேரிடர் என்பதை அவர்கள் அனர்த்தம் என்கிறார்கள். இரண்டு கரையிலும் ஒரே பொருள் தராத சொல்லை அடித்தளமாக வைக்க வேண்டாம். ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா, மூலச்சொல்லில் ஹசார்ட் இருக்கிறதே, அதை விடலாமா என்று கேட்டார். ஐயா, மூலச்சொல்லே பிழையான இடத்தில் கை வைக்கிறது. அந்தப் பிழையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

நான் முன்வைப்பது ‘உடைப்புச் சேதம்’. வகைப்பாட்டுக்கு ‘உடைப்புச் சேத வகை’. கண்மாய் உடைப்பெடுத்தது என்று சொல்லாத ஊர் இல்லை. பயிர்ச்சேதம், உயிர்ச்சேதம் இரண்டும் எல்லோர் வாயிலும் இருக்கின்றன. ‘உடைப்பு இழப்பு’ என்று தூய தமிழில் வைக்கலாம் என்றார் ஒருவர். வேகமாகச் சொல்லிப் பார்த்தேன், நாக்கு இடறுகிறது.

மூன்று படிகளுக்கும் மேல், நடு, கீழ் என்றே வைக்க வேண்டியதில்லை. உயிர்ச்சேத வகை, பிறர்சேத வகை, தன்சேத வகை. ‘தன்சேதம்’ என்ற சொல்லில் எனக்குப் பிடிவாதம் உண்டு. போனால் உன்னுடையது மட்டும் போகும் என்று அது உரிமையாளரிடம் நேராகச் சொல்கிறது. கீழே ஒரு வீடு வந்துவிட்டால் ‘தன்’ என்ற சொல் பொய்யாகிவிடும் என்பதும் அதிலேயே இருக்கிறது. வைகை உடைப்பை அடைக்க வீட்டுக்கு இவ்வளவு பங்கு என்று அளந்து விட்டார்கள், வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு விழுந்தது. உடைப்பு என்ற சொல்லோடு பொறுப்பும் சேர்ந்தே நம் காதில் விழுகிறது.

இதோடு இரண்டு சொற்கள் தீர்ந்துவிடுகின்றன. அணை அப்படியே இருக்க, கீழே குடியிருப்பு வந்து வகை மாறுவதை ‘ஹசார்ட் கிரீப்’ என்கிறார்கள். ‘வகையேற்றம்’ போதும். பைப்பிங் என்பதற்குத் தஞ்சாவூர் நண்பர் சொன்ன ‘புரையோட்டம்’ அருமையான சொல், கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாம். புண் மேலே ஆறி உள்ளே புரையோடுவதுபோலத்தான் கரைக்குள் நீர் வழி எடுக்கிறது. ‘குழாய் அரிப்பு’ என்று எழுதினால் கரைக்குள் குழாய் பதித்திருப்பதாக நினைத்துவிடுவார்கள்.

இந்திய அணைப் பாதுகாப்புச் சட்டம் (2021) 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றுக்கும்தான். மூன்றாள் உயரக் கரை அதற்குள் வராது. அங்கே ஆய்வாளர் வரப் போவதில்லை, பார்த்துக்கொள்பவரும் அவர் கையில் உள்ள தாளும்தான். அதனால்தான் ஒரு சொல்லுக்காக இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

நேற்று அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, புதிய சொற்களை மட்டும் வாசித்தேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ நம்மது உயிர்ச்சேத வகை” என்றார். பிறகு, “ராத்திரி ஒடைஞ்சா லைன் வீட்டுக்கு யாரு சார் போய்ச் சொல்றது?” என்று கேட்டார்.

பட்டியலில் அடுத்த சொல் அதுதான். எமர்ஜென்சி ஆக்‌ஷன் பிளான். வரைவில் ‘அவசரகாலச் செயல்திட்டம்’ என்று இருக்கிறது. யார் யாருக்குச் சொல்வது என்பது அந்தப் பெயரில் தெரியவில்லை. இதைவிட நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள். ‘உடைப்புச் சேத வகை’க்கு மறுப்பு இருந்தாலும் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள்.